மாசம் மூணு லட்சமாமே!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையிலிருந்து அண்ணி போன் செய்தார். "உன் மருமகனுக்குப் புது வேலை கெடைச்சிருச்சு. சீனியர் ப்ராஜெக்ட் மேனேஜராம். வருஷத்துக்கு முப்பத்தாறு லட்சம். அப்போ மாசம் மூணு லட்சமாமே! உங்க அண்ணன் காலையிலேருந்து தெருவுல போற வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்காரு."

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த "மாசம் மூணு லட்சம்" காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இருபத்து மூன்று வருடமாக இதே ஐ.டி. தொழிலில் குப்பை கொட்டுகிறேன். முப்பத்தாறைப் பன்னிரண்டால் வகுத்தால் மூன்று என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஹெச்.ஆர். கணக்கு வேறு.

சாயங்காலம் அவனே மேடவாக்கத்திலிருந்து லேப்டாப்போடு வந்துவிட்டான். "அத்தை, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பாருங்களேன்." காபியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்குப் போட்ட கணக்கை இங்கே அப்படியே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும் என்று நாம் நினைக்கிறோம். பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள என் மருமகனுக்கே தெரியவில்லை.

சிடிசி, அதாவது அவனுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை, 36 லட்சம். அதில் பேசிக் சரிபாதி, 18 லட்சம். முன்பெல்லாம் பேசிக்கை முப்பது, நாற்பது சதவீதத்தில் நிறுத்திவிட்டு மிச்சத்தை விதவிதமான படிகளாகப் போடுவார்கள். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின், படிகள் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியக் கணக்கில்தான் சேரும். ஆகவே பாதி.

அந்தப் பேசிக்கில் 12 சதவீதம் கம்பெனி கட்டும் பி.எஃப்., 2,16,000 ரூபாய். இது அவன் பணம்தான், ஆனால் இப்போது கைக்கு வராது. அடுத்து கிராஜுவிட்டி, 86,580 ரூபாய். இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டேன், விழித்தான். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கு. பதினைந்தை இருபத்தாறால் வகுத்து, பின் பன்னிரண்டால் வகுத்தால் 4.81 சதவீதம். ஐந்து வருடம் இருந்தால்தான் நிரந்தர ஊழியருக்கு அது கிடைக்கும். இவன் எந்தக் கம்பெனியிலும் நாலு வருடத்தைத் தாண்டியதில்லை. கிடைக்காத பணத்தையும் சிடிசியில் காட்டுவது சட்டப்படி தப்பில்லை. எனக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் எரிச்சலைக் கிளப்பும்.

குழுக் காப்பீட்டுக்கு 24,000. கடைசியில் பெரிய மீன்: வேரியபிள் 15 சதவீதம், 5,40,000 ரூபாய்.

எல்லாவற்றையும் கழித்தால் உறுதியாக வருவது 27,33,420. மாதத்துக்கு 2,27,785. அதிலிருந்து அவன் பங்கு பி.எஃப். 18,000 போகும். புதிய வரிமுறையில் 75,000 நிலையான கழிவு போக, 24 லட்சம் வரைக்கும் மூன்று லட்சம் வரி, அதற்கு மேல் 30 சதவீதம், எல்லாவற்றுக்கும் மேல் 4 சதவீத செஸ். ஆக மாதம் 32,700 சொச்சம். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. கைக்கு வருவது ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.

அவன் கொஞ்ச நேரம் டைரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்போ வாங்குறதவிட அதிகம்தான் அத்தை," என்றான், தனக்குத்தானே சமாதானம் சொல்கிற மாதிரி.

அதிகம்தான். ஒன்றே முக்கால் லட்சம் என்பது நம் ஊரில் சாதாரணத் தொகை இல்லை. ஆனால் மூன்று லட்சத்தை நம்பி வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

வேரியபிள் விஷயத்துக்கு வருகிறேன். அது மூன்று கதவுகளைத் தாண்டி வர வேண்டிய பணம். கம்பெனி இலக்கை எட்டியதா, உங்கள் யூனிட் எட்டியதா, உங்கள் ரேட்டிங் என்ன. மூன்றும் ஒன்றோடொன்று பெருக்கப்படும் இடத்தில், கம்பெனி 80, யூனிட் 70, நீங்கள் முழுசாக நூறு என்றால் வருவது 56. நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கு ஏன் பாதிதான் வந்தது என்று அவன் மனைவி கேட்டால், அவன் என்ன பதில் சொல்வான்? பதவி ஏற ஏற இந்த வேரியபிள் பங்கும் ஏறும். புதிதாகச் சேர்ந்த பையனின் சம்பளம் அநேகமாக முழுதும் உறுதி. சீனியர் மேனேஜருடையதில் ஒரு பகுதி எப்போதும் மேகத்தில் இருக்கும்.

"சரி அத்தை, ஒரு சீனியர் பி.எம்முக்கு எவ்வளவுதான் கொடுப்பாங்க? எனக்கு வந்திருக்கிறது நல்ல ஆஃபரா?"

நான் நேர்காணல் எடுத்த, நண்பர்களிடம் கேட்ட அளவில் சொல்கிறேன். சென்னையில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வருட அனுபவம் உள்ளவர்களுக்கு சர்வீஸ் கம்பெனிகளில் இருபதுகளின் நடுவில் ஆரம்பித்து நாற்பது லட்சம் வரை பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு வங்கிகளும் மருந்துக் கம்பெனிகளும் இங்கே தங்களுக்காகவே நடத்தும் மையங்களில், அதான் இப்போது ஜிசிசி என்று எல்லோரும் சொல்கிறார்களே, அங்கே முப்பத்தைந்தில் தொடங்கி ஐம்பது, சில இடங்களில் அதற்கு மேலும். ஒரே பதவிப் பெயர், ஒரே அனுபவம், ஒரே ஓ.எம்.ஆர். சிக்னலில் பக்கத்துப் பக்கத்துக் காரில் நிற்கிறார்கள். ஒருவருக்கு மற்றவரைப் போல இரண்டு மடங்கு சம்பளம். இதைத் திறமை என்ற ஒரு சொல்லால் விளக்க முடியாது.

என் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. என் கணவர் கட்டுமானத் துறை. அவரும் ப்ராஜெக்ட் மேனேஜர்தான். மழை, மணல் தட்டுப்பாடு, ஊருக்குப் போய்த் திரும்பாத தொழிலாளர்கள், நாலாவது மாடியில் விரிசல் விட்ட பீம் என்று அவர் ஒரு நாளில் பார்க்கும் பிரச்சினைகளை நான் ஒரு காலாண்டில் பார்ப்பதில்லை. தப்பு நடந்தால் அங்கே உயிர் போகும். எனக்கு ஒரு ரிலீஸ் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அவர் சம்பளம் என்னுடையதில் பாதி. அவருடைய வேலைக்குப் பணம் தருகிறவர் ரூபாயில் தருகிறார், என்னுடையவர் டாலரில் தருகிறார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவிலோ கதை வேறு. அங்கே அரசாங்கப் புள்ளிவிவரத்தில் 2024 மே மாதக் கணக்குப்படி ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வல்லுநர்களின் நடு ஊதியம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டி இருந்தது, கட்டுமான மேலாளர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். என் கணவரிடம் இதைச் சொன்னபோது, "பொறந்த ஊர் தப்பாப் போச்சு"ன்னுட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆக, முதல் கேள்வி: உன் நாற்காலிக்கும் வாடிக்கையாளரின் கல்லாவுக்கும் எவ்வளவு தூரம்?

சர்வீஸ் கம்பெனியில் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபது பேர் டீம். தலைக்கு மணிக்கு 24 டாலர் பில்லிங் என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 21 நாள். 80,640 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டாலும் 68 லட்சத்துக்கு மேல். அதில் உனக்காகக் கம்பெனி செலவழிக்கும் மூன்று லட்சம் நாலு நாலரை சதவீதம். யார் கண்ணையும் உறுத்தாது. இப்போது வாடிக்கையாளர் டீமைப் பன்னிரண்டாகக் குறைக்கிறார். வரவு 41 லட்சம். நீ அதே ஆள், அதே சம்பளம், ஆனால் இப்போது ஏழு சதவீதத்துக்கு மேல். அடுத்த மார்ஜின் மீட்டிங்கில் டெலிவரி ஹெட் எக்செல் ஷீட்டில் உன் வரியில் வந்து நிற்பார்.

இதில் இன்னொரு சங்கடம், அந்த மூன்று லட்சத்துக்கு வாடிக்கையாளர் தனியாகப் பணம் தருகிறாரா என்பது. பல ஒப்பந்தங்களில் மேனேஜரைக் கால்வாசிதான் பில் செய்ய விடுவார்கள். "கோட் எழுதறவங்களுக்குக் காசு தர்றேன், மேய்க்கறவங்களுக்கு எதுக்கு?" என்பது வாடிக்கையாளரின் நியாயம். முழுசாக பில் ஆகும் மேனேஜர் கம்பெனிக்கு வரவு. பில் ஆகாதவர், எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், செலவு. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள்.

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், 12,000-க்குச் சற்று அதிகமான பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. அந்த வாரம் என் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் சாவு வீடு மாதிரி இருந்தன. சம்பளம் ஏறுவதை மட்டும் பேசுகிறோம். ஏறிய சம்பளமே ஒரு நாள் ஆளைக் குறிபார்த்துக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஜிசிசியில் பில்லிங் தொல்லை இல்லை. அங்கே நீங்கள் அந்த வங்கியின் ஆள். நியூயார்க்கிலோ லண்டனிலோ அதே வேலைக்கு ஆகும் செலவோடு உங்களை ஒப்பிட்டுத்தான் சம்பளம் வைக்கிறார்கள். அந்த ஒப்பீட்டில் நீங்கள் எப்போதும் மலிவு. அதனால் கை தாராளமாக இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் நான் இந்தப் பக்கம் வந்தபோது என் வேலை மாறவே இல்லை. அதே ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், அதே ரிஸ்க் ரிஜிஸ்டர், அதே ராத்திரி எட்டரை மணி கால். சம்பளம் மட்டும் மாறியது.

அடுத்து எல்லோரும் கேட்பது பி.எம்.பி. சான்றிதழ். மருமகனும் கேட்டான். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. நடத்தும் தேர்வு அது. பட்டதாரிக்கு மூன்று வருடம் ப்ராஜெக்டை நடத்திய அனுபவம், 35 மணி நேரப் பயிற்சி, அப்புறம் பரீட்சை. வாங்கினதோடு முடியாது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். அவர்களே நடத்தும் சம்பள ஆய்வில், 2023 பதிப்பில், 21 நாடுகளில் பி.எம்.பி. வைத்திருப்பவர்கள் சராசரியாக 33 சதவீதம் கூடுதலாக வாங்குவதாகச் சொன்னார்கள். பயிற்சி நிலைய விளம்பரங்களில் எல்லாம் இந்த எண்தான் பளிச்சென்று இருக்கும். பத்து வருடம் ஓட்டி, நல்ல கம்பெனியில் உட்கார்ந்தவர்கள்தானே பெரும்பாலும் அந்தப் பரீட்சை பக்கமே போகிறார்கள்? அவர்கள் சான்றிதழ் இல்லாமலும் கூடுதலாகத்தான் வாங்கியிருப்பார்கள். நான் 2011-ல் வாங்கினேன். அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் கம்பெனி மாறும்போது, ஹெச்.ஆர். வடிகட்டும் முதல் சல்லடையில் என் பெயர் விழாமல் நின்றதற்கு அது உதவியது. அந்த அளவுக்கு வாங்கலாம். கடன் வாங்கி வாங்க வேண்டாம்.

துறை அறிவுக்கு நிஜமாகவே விலை உண்டு. இன்றைக்கு எஸ்.ஏ.பி. மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறும் வேலையை நடத்திக் கரை சேர்த்த அனுபவம் உள்ள மேனேஜர் என்றால் தேடி வருகிறார்கள். பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது என்று எஸ்.ஏ.பி. கெடு வைத்திருக்கிறது, மாறாத கம்பெனிகள் அவசரத்தில் இருக்கின்றன. அவசரக்காரனிடம்தான் விலை பேச முடியும். மறுபக்கம், தினசரி ஸ்டாண்டப் நடத்துவது மட்டுமே வேலை என்று இருப்பவர்கள் பாவம். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி அப்படிப்பட்ட அஜைல் பதவிகளாகப் பார்த்து ஆயிரத்து நூறுக்கும் மேல் நீக்கியது.

இனி கொஞ்சம் சொந்தக் கதை.

2009-ல் நானும் இன்னொருவரும் ஒரே டீமில் லீட். ஒரே வருடம் சேர்ந்தவர்கள், சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்று. அமெரிக்காவில் மூன்று வருட ஆன்சைட் வாய்ப்பு வந்தது. முதலில் என்னைத்தான் கேட்டார்கள். எனக்குக் கைக்குழந்தை. அப்போது பிரசவ விடுப்பே 12 வாரம்தான், 26 ஆனது 2017-ல். அம்மாவை வரச் சொல்லி, குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த நாட்கள். முடியாது என்றேன். அவர் போனார். அதே வருட அப்ரைசலில் எனக்கு நடு ரேட்டிங். "மூணு மாசம் நீங்க இல்லையே, மத்தவங்களுக்கு எப்படி நியாயம் சொல்றது?" என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை, பெல் கர்வுக்கு யாரையாவது நடுவில் தள்ள வேண்டியிருந்தது.

அமெரிக்கா போன அந்த சக ஊழியர் போனது எல்-1ஏ விசாவில், மேனேஜர் என்ற பெயரில். இந்தப் பதவிப் பெயருக்கு அங்கே தனி மவுசு உண்டு. அந்த வழியாகப் போகிறவர்கள் பன்னாட்டு நிறுவன மேலாளர் என்ற ஈபி-1சி பிரிவில் கிரீன் கார்டு கேட்கலாம். ஈபி-2 வரிசையில் நிற்கும் இந்தியர்களைவிட அவர்களுக்கு முன்னால் கிடைக்கும். அவர் கேட்கவில்லை, திரும்பி வந்தார், ஒரு படி மேலே. அப்போது அவருக்கும் எனக்கும் வருடத்துக்கு இரண்டு லட்சம் வித்தியாசம். அவருக்கு 12, எனக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் இருவருக்கும் ஒரே 8 சதவீத ஹைக் கொடுத்துக்கொண்டே போனால் பதினைந்து வருடத்தில் அவர் 38 லட்சம், நான் 31.7 லட்சம். யாரும் எனக்கு அநியாயம் செய்யாமலேயே இரண்டு லட்சம் ஆறே கால் லட்சத்தைத் தாண்டிவிடும். சதவீதத்துக்கு இந்தக் குணம் உண்டு. பழைய காயத்தை அது வருடாவருடம் பெரிதாக்கும்.

இப்போது ஆன்சைட் கதவும் குறுகிவிட்டது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் போட்ட பிரகடனத்துக்குப் பின், ஆளை அனுப்புவதற்கு முன் கம்பெனிகள் பத்து முறை யோசிக்கின்றன.

அந்தச் சம்பள இடைவெளியை நான் அடைத்தது கம்பெனி மாறித்தான். அதிலும் பழைய சம்பளம் விடாமல் துரத்தியது. கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கொடுங்கள், அதன்மேல் இருபத்தைந்து, முப்பது சதவீதம் போட்டுத் தருகிறோம் என்பதுதான் இங்கே எழுதாத சட்டம். கலிஃபோர்னியாவில் வேலைக்கு வருகிறவரின் பழைய சம்பளத்தைக் கேட்பதே 2018-லிருந்து சட்டவிரோதம். இங்கே அதைக் கேட்காத ஹெச்.ஆரை நான் இன்னும் பார்க்கவில்லை. 2009-ல் குழந்தைக்காக ஒரு முடிவெடுத்தேன். 2019-ல் முன்பின் தெரியாத ஒரு கம்பெனி அதற்காக என் சம்பளத்தைக் குறைத்து வைக்க நினைத்தது. அந்த முறை நான் சதவீதத்தில் பேச மறுத்தேன். இந்த வேலைக்கு உங்கள் பட்ஜெட் என்ன என்று மட்டும் கேட்டேன். இரண்டு வாரம் இழுத்துவிட்டுத்தான் சொன்னார்கள். சொன்ன பிறகு பேச்சு வேறு தொனிக்கு வந்துவிட்டது.

மருமகனுக்கும் அதையே சொன்னேன். தொண்ணூறு நாள் நோட்டீஸ் இருக்கிறது, கூடுதல் சம்பளம் என்று ஆசைகாட்டி மற்ற கம்பெனிகளும் கூப்பிடும், அதில் மயங்காதே. 36 என்ற எண்ணை மறந்துவிடு. அந்த யூனிட்டில் போன நாலு காலாண்டில் வேரியபிள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேள். மேனேஜர் பதவி எத்தனை சதவீதம் பில் ஆகிறது என்று கேள். ஜாய்னிங் போனஸ் கொடுத்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கேள்.

வேரியபிள் பற்றிய கேள்விக்கு ஹெச்.ஆர். மழுப்பினார். அங்கே வேலை பார்க்கும் நண்பன் உண்மையைச் சொன்னான்: நாற்பது சதவீதத்தைச் சுற்றித்தான் வந்ததாம். அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு இவன் பேசினான். வேரியபிளைப் பத்து சதவீதமாகக் குறையுங்கள், மொத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கேட்டான். நாலு நாள் கழித்துப் புதிய கடிதம் வந்தது. சிடிசி 35 லட்சம், வேரியபிள் மூன்றரை லட்சம்.

மறுபடியும் டைரியை எடுத்தோம். மாதம் கைக்கு வருவது 1,83,000 ரூபாய். பழைய கடிதத்தைவிட ஆறாயிரத்துச் சொச்சம் கூடுதல். வேரியபிள் பாதியைத் தாண்டி வந்தால் பழைய கடிதம்தான் லாபம், அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக் கடன் இருப்பதால் உறுதியான பணமே போதும் என்று புதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

நேற்று ராத்திரி அண்ணி மறுபடியும் போன் செய்தார். "ஏம்மா, நீ பேசச் சொல்லித்தான் பேசினானாம். ஒரு லட்சத்தக் கொறச்சிட்டாங்களாமே!"